மேல்தண்ணியில் விட்ட முளைப்பாரி

கிருஷ்ணம்மா அக்கா உரக்கப் பேசி எங்கள் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கூப்பிட்டால், "இருக்கேன்" என்று அவர் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். எங்களை வேலை வாங்கும் மண்டோர் கனகராஜ் அதற்காகவே அவர் பேரை இன்னொரு தரம் கூப்பிடுவார். "என்னா, வாயில கொழுக்கட்டையா?" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போய்விடுவார்.

இப்படிப்பட்டவரைத்தான், "ஆத்தா மேல கத்தி வெச்சவ" என்று பக்கத்துத் தோட்டங்களில் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கரையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. சாமிக்குப் பொதுவாக, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் மலாயாவில், ஸ்கூடாயிலிருந்து செனாய் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரு சிற்றாறு. பாலை ரப்பராக்கும் ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக அதன் குறுக்கே மண்கரை போட்டு ஓர் அணை கட்டியிருந்தார்கள். கரைக்கு நடுவே செங்கல் மதகு. மதகின் இரண்டு பக்கச் சுவரிலும் காடி வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கனத்த பலகைகளைச் செருகியிருப்பார்கள். மழை வந்தால் பலகையைக் கொக்கி போட்டுத் தூக்கித் தண்ணீரை வெளியே விட வேண்டும். மழை விட்டால் திரும்பச் செருக வேண்டும். அணைக்காவல் என்றால் அதுதான் வேலை.

பிற்பாடு வந்த துரைக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் ஆசை பிறந்துவிட்டது. கரையில் புல் வளர்த்தார். இறங்கிக் குளிக்கப் படி கட்டி, அதற்குக் கதவும் பூட்டும் போட்டார். உடை மாற்ற அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு குடிலும், நீலச் சாயம் அடித்த ஒரு படகும் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூர் பாருவிலிருந்தும், பாலம் கடந்து சிங்கப்பூரிலிருந்தும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் காரில் வந்து நீந்துவார்கள். அவர்களுடைய பிள்ளைகளைத் தண்ணீர் மதகுக்குள் இழுத்துவிடக் கூடாதே என்று மதகின் முன்னால் இரும்புக் கம்பித் தட்டி ஒன்றையும் துரை வைத்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அணைக்கு மேலே தேங்கி நிற்பது எங்களுக்கு மேல்தண்ணி. கீழே ஓடுவது கீழ்தண்ணி. மேல்தண்ணியில் நாங்கள் கால் வைக்கக் கூடாது. குளிப்பது, துவைப்பது, ஆடு கழுவுவது எல்லாம் கீழ்தண்ணியில். எங்கள் லயத்து வீடுகளும் கீழேதான், ஆற்றோரமாக ஒரு மேட்டின் அடியில் இருந்தன. அணைக்கரையில் நின்றால் கூரைகள் தெரியும். நடுவே மலைப்பக்கத்திலிருந்து வரும் ஓடை ஒன்று ஆற்றில் சேரும். அதன்மேல் போட்டிருந்த மரப்பாலத்தைத் தாண்டித்தான் லயத்துக்குப் போக வேண்டும்.

அக்காவின் புருஷன் வேலு அண்ணன்தான் அணைக்காவல். அந்த வருஷம் மாசி மாதம் ஈரப் பலகையைத் தூக்கும்போது கொக்கி நழுவிப் பலகை அவர் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, "எலும்பு சேருகிற வரைக்கும் கால் தரையில் படக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் எழுந்திருக்கும் வரை சம்சாரமே அணையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று துரை சொல்லிவிட்டார். பொம்பளைக்கு அணைக்காவலா என்று கங்காணிமார் சிரித்தார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலில் படுத்தபடி தினம் சாயங்காலம் விசாரிப்பார்.

"மூத்தாள் எப்படி இருக்கா புள்ள?"

அணையைத்தான் அப்படிக் கேட்பார். அக்காவைவிட அதனோடுதான் அவர் அதிக நேரம் இருந்தவர்.

"மூத்தாளுக்கு என்னாங்க கொறச்சல், வெள்ளக்காரங்கள மடியில வெச்சித் தாலாட்டிக்கிட்டிருக்கா" என்பார் அக்கா. எங்கள் வீடு அடுத்த கதவு என்பதால் இதெல்லாம் எனக்குக் கேட்கும்.

அந்தக் கால் நல்லபடியாகச் சேர வேண்டும் என்று அக்கா மாரியம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்துகொண்டார். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றே கோயிலை ஒட்டிய இருட்டுக் கொட்டகையில் பயறு வகைகளைத் தூவி வளர்ப்போம். ஊரில் இதற்கு மண்சட்டியும் வைக்கோலும் என்று சொல்வார்கள். எங்களுக்கு அது இரண்டும் ஏது? சீனர்கள் காய்கறி கொண்டுவரும் மூங்கில் கூடைகளை வாங்கி, அடியில் லாலான் புல்லைத் திணித்து, மாட்டெருவும் மண்ணும் கொட்டி விதைப்போம். லாலான் என்றால் தோட்டத்தில் வெட்ட வெட்ட வருமே, அந்தப் புல்தான். திருவிழா முடிவதற்குள் பயறு மஞ்சளாய் முழ உயரம் எழும்பி நிற்கும். வேர் கீழே லாலானோடும் மூங்கிலோடும் பின்னிக்கொள்ளும். அப்புறம் அதை அம்மனாகவே நினைத்துத் தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் விடுவோம். வேண்டுதல் முளைப்பாரி என்றால் பிரிக்காமல், கலைக்காமல், கூடையோடு முழுசாக விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

அதுவரை கீழ்தண்ணியில்தான் விட்டோம். கணுக்கால் ஆழம். சவுக்கார நுரைக்கு நடுவில் அம்மன் தட்டித் தட்டி நிற்பாள். யாராவது காலால் தள்ளிவிடாமல் போகமாட்டாள். அது அக்காவின் மனசில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் கொட்டகையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"இந்த வாட்டி மேல்தண்ணில விடலாமா? தொர சிங்கப்பூருக்குப் போறாரு. படிக் கதவுச் சாவி என்கிட்டதான இருக்கு."

புஷ்பவள்ளிக்கு வாய் பெரிசு. அவள் துள்ளிவிட்டாள். "அப்படிப் போடுக்கா! வெள்ளக்காரி முங்குற தண்ணில நம்ம ஆத்தா ஒரு முங்கு முங்கட்டுமே! தீட்டு அவளுக்கா இவளுக்கான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். பூசாரி அர்ச்சுனன்கூடத் தலையாட்டினார். ஆழமான தண்ணீர், அகலமான தண்ணீர். அம்மனுக்கு அதுதானே மரியாதை? கம்பித் தட்டியின் நினைப்பு எங்களில் ஒருத்திக்கும் வரவில்லை. அணைக்காவல் பார்த்த அக்காவுக்கும் வரவில்லை.

விடும் நாளன்று பகலிலிருந்தே புழுக்கம். மத்தியானம் தாண்டி மேளத்தோடு கிளம்பினோம். லயத்தில் தங்கியவர்கள் கொஞ்சம்பேர்தான். வயசானவர்கள், தீட்டில் இருந்த பெண்கள், பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருந்த சந்திரமதி, கட்டிலில் வேலு அண்ணன். மரப்பாலத்தைக் கடந்து, ஸ்டோரைச் சுற்றி, கும்மியடித்தபடி அணைக்குப் போனோம். அக்கா படிக் கதவைத் திறந்துவிட்டார். முதல்தடவையாக நாங்கள் அந்தப் படியில் இறங்கினோம். தண்ணீர் குளிர்ச்சியாய் இடுப்புக்கு வந்தது. ஒவ்வொருத்தியாகக் குலவை போட்டுக் கூடையை விட்டோம். அக்காவின் கூடையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. பச்சையும் மஞ்சளுமாய் அத்தனை முளைப்பாரியும் தண்ணீர்மேல் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நகர்ந்து போன அழகை என்னவென்று சொல்வது! சிலர் கண்ணில் நீர். எனக்கும்தான்.

அவை மதகை நோக்கித்தான் நகர்ந்தன.

கும்பிட்டு நிமிர்வதற்குள் மலைப்பக்கம் கறுத்துவிட்டது. இடி ஒன்று விழுந்தது. மழை தூறலாகத் தொடங்கவில்லை, வாளியைக் கவிழ்த்ததுபோல் வந்தது. எல்லோரும் உடை மாற்றும் குடிலுக்குள் ஓடினோம். அக்கா மட்டும் கொக்கியை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனார். கனகராஜும் உதவிக்குப் போனார். இரண்டு பேருமாக மேல்பலகையைத் தூக்கினார்கள். அடுத்ததையும் தூக்கினார்கள். வழக்கமாகப் பலகை வெளியே வந்ததும் தண்ணீர் மதகுக்குள் இரைந்துகொண்டு பாயும். அன்றைக்குச் சத்தமே இல்லை. கடைசிப் பலகையையும் இழுத்தார்கள். மதகுக்குள் கசிவுபோல் கொஞ்சம் வழிந்தது, அவ்வளவுதான். ஆனால் மேல்தண்ணி மட்டும் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது.

"என்னா இது? பலகை இல்ல, தண்ணி போவமாட்டேங்குது!" என்று கனகராஜ் கத்தினார்.

அக்கா மதகின் முன்னால் குனிந்து பார்த்தார். பிறகு நிமிரவே இல்லை. நாங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். கம்பித் தட்டியில், மேலிருந்து அடிவரை, எங்கள் முளைப்பாரிகள். தண்ணீரின் இழுப்பு கூடைகளைக் கவிழ்த்துக் கம்பியோடு கம்பியாக அழுத்தியிருந்தது. லாலானும் வேரும் மூங்கிலும் மாலையும் ஒன்றாய்ச் சேர்ந்து சுவர் கட்டியதுபோல் அடைத்துக்கொண்டு நின்றன. மழையில் வந்த சருகெல்லாம் அதன்மேல் வந்து அப்பிக்கொண்டிருந்தது.

"கொக்கி போட்டு இழுங்க" என்றார் பூசாரி. இழுத்தார்கள். தலைமயிரைப் பிடுங்கியதுபோல் ஒரு பிடி முளைதான் வந்தது. மேளக்காரர்களும் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை.

அதற்குள் கரையின் மறுகோடியிலிருந்து ஒருத்தர், "இங்க வழியுது, இங்க வழியுது!" என்று கூப்பிட்டார். குளிக்கப் போகிறவர்கள் நடந்து நடந்து கரை அங்கே தேய்ந்து தாழ்ந்திருந்தது. தண்ணீர் அந்த இடத்தில் நாக்கு நீட்டிக் கரைக்கு வெளிப்புறம் இறங்கத் தொடங்கியிருந்தது. மண்கரைமேல் தண்ணீர் ஏறி வழிந்தால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும். அரித்து அரித்து ஒரே வாயாகப் பிளந்துவிடும். பிளந்தால் மேல்தண்ணி அத்தனையும் நேராகப் போய் விழுகிற இடம் எங்கள் லயம்.

கனகராஜ் ஆட்களோடு மண்வெட்டியும் சாக்கும் எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார். அக்கா மறுபக்கம் ஓடினார். லயத்துக்குப் போகத்தான் ஓடினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். மலை ஓடை பெருகி மரப்பாலத்தை மூடிவிட்டதாம். ஒரு கால் வைத்ததுமே தள்ளிவிட்டதாம். பாவாடையெல்லாம் சேறு.

குடிலில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிக்கச் சொன்னார். ஆபத்துக்கு அடிப்பது அது. மேளக்காரர் ஒருவர் விடாமல் அடித்தார். மழைக்குள் பார்த்துக்கொண்டே நின்றோம். லயத்துக் கதவுகள் திறப்பது தெரிந்தது. சின்னச் சின்ன உருவங்கள் மேட்டின்மேல் ஏறத் தொடங்கின. வயசானவர்கள் கைப்பிடித்து ஏறினார்கள். யாரோ ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். அக்கா கண்ணுக்குமேல் கையை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் தேடியது என்னவென்று எங்களுக்குத் தெரியும். நான்கு பேர் தூக்கினால்தான் வேலு அண்ணனின் கட்டில் நகரும்.

"கட்டிலக் காணோமே" என்றார். "எல்லாரும் ஏறிட்டாங்க. கட்டிலக் காணோமே."

மாரியாத்தா, மாரியாத்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அக்கா குடிலுக்குப் போய், புல் வெட்ட வைத்திருந்த பாராங் கத்தியை எடுத்து வந்தார். பூசாரி அர்ச்சுனன் குறுக்கே நின்றார். அவர் கெட்ட மனிதரில்லை. பயந்துபோயிருந்தார்.

"கிருஷ்ணம்மா, வேணாம்மா. மந்திரம் சொல்லி நான் எறக்கின ஆத்தா அது. அது மேல இரும்பு படலாமா? கையால எடுங்க. கொஞ்சங் கொஞ்சமா எடுங்க."

"கையாலயும் பாத்தாச்சு, கொக்கியாலயும் பாத்தாச்சுங்களே."

"வேண்டுதல கலைச்சா வேண்டினது நடக்காது. உன் புருஷனுக்காக வளத்தத நீயே வெட்டுவியா?"

அந்த வார்த்தை அவரைக் குத்திவிட்டது. கத்தியைப் பிடித்த கை இறங்கியது. முளைப்பாரியை வெட்டினால் அண்ணனின் கால் போய்விடுமோ, உயிரே போய்விடுமோ என்று அவர் மனசு என்ன பாடு பட்டதோ, மாரியம்மனுக்குத்தான் தெரியும். மறுகோடியில் கனகராஜ், "சாக்கு பத்தல! மண்ணு நிக்கல!" என்று கத்தினார்.

அக்கா தலை நிமிர்ந்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

"படகுக் கயித்த அவுத்துக் கொண்டாங்க!"

மேலேயிருந்து வெட்ட வழியில்லை. மதகுக்குள் இறங்கி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, இடுக்கு வழியாகத்தான் வெட்ட வேண்டும். அடைப்பு விட்டால் தண்ணீர் முதலில் அவரைத்தான் அடிக்கும். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

புஷ்பவள்ளிதான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "பூசாரிண்ணே, பாவம் இருந்தா நாங்க எல்லாரும் பங்கு போட்டுக்கறோம். உங்களுக்கும் ஒரு பங்கு தர்றோம். இப்ப கயித்தப் புடிங்க."

பூசாரி பிடித்தார். மேளக்காரர்கள் பிடித்தார்கள். நாங்களும் பிடித்தோம்.

அக்கா மதகுக்குள் இறங்கினார். முழங்கால் அளவு கசிந்த தண்ணீரில் நின்று, கம்பித் தட்டிக்கு நேரே கை கூப்பினார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று பிற்பாடும் நான் கேட்கவில்லை. அது அவருக்கும் அம்மனுக்கும் நடுவிலுள்ள பேச்சு. பிறகு குனிந்து தேடினார். மஞ்சள் துணி சுற்றிய கூடை கீழ்க்கோடியில் நசுங்கிக் கிடந்தது. தன்னுடையதில்தான் முதல் வெட்டை வைத்தார்.

மூங்கில் முறிந்தது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊசிபோல் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. அடுத்த கூடைக்குமேல் கத்தியை ஓங்கினவர் அப்படியே நின்றுவிட்டார். அது அவருடையதல்ல, வேறொருத்தியின் வேண்டுதல். அண்ணாந்து எங்களைப் பார்த்தார்.

"அது என்னுதுக்கா, வெட்டு!" என்று புஷ்பவள்ளி கத்தினாள். "என் மாமியாருக்காக நேந்தது. அந்தக் கெழவி எப்படியும் சாவமாட்டா, வெட்டு!"

அந்த நேரத்திலும் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாக, "என்னுதும்", "என்னுதும்" என்றார்கள். "என்னுதும் வெட்டுங்கக்கா" என்று நானும் சொன்னேன். பிறந்து தங்காத என் குழந்தைகளுக்காக நான் வளர்த்தது அது. வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா, இப்போது நினைவில்லை.

அக்கா வெட்டினார். லாலான் வேரை வெட்டுவது கயிற்றை வெட்டுவதுபோல் கஷ்டம். வெட்டிய இடத்தையெல்லாம் விரலை விட்டுக் கிழித்தார். தண்ணீர் ஒரு பக்கம் பீறிட்டது, இன்னொரு பக்கம் பீறிட்டது. இடுப்புக்கு ஏறியது. "போதும், ஏறிடு!" என்று கனகராஜ் கரையிலிருந்து கூப்பிட்டார். அவர் காதில் விழவில்லை. இன்னும் ஒரு வெட்டு.

பிறகு மொத்தமும் விட்டது. ஒரு பெரிய உறுமல். கம்பித் தட்டி ஒரு பக்கம் பெயர்ந்து வளைந்தது. வெள்ளையும் பச்சையுமாய் ஒரு சுவர் வந்து அக்காவை அடித்ததைத்தான் பார்த்தேன், அப்புறம் அவரைக் காணவில்லை. கயிறு எங்கள் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. பூசாரி முன்னால் விழுந்து, முழங்காலைச் செங்கல்லில் முட்டுக்கொடுத்துப் பிடித்தார். கயிறு நின்றது. விண்ணென்று இழுபட்டு நின்றது. "இழுங்க, இழுங்க!" யார் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் இழுத்தோம். மதகின் வெளிச்சுவர் ஓரமாக அக்காவின் தலை தெரிந்தது. தூக்கிக் கரையில் போட்டபோது ஒரு தோள் இறங்கித் தொங்கியது. வாய்வழியாகத் தண்ணீர் வந்தது. கண் திறந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, கீழே பார்த்தார்.

அதை நாங்கள் நினைத்திருக்கவில்லை. திறந்துவிட்ட தண்ணீரும் லயத்தின் பக்கம்தானே போகும்? கரை உடைந்து ஒரேயடியாக விழவில்லை, அவ்வளவுதான். பழுப்பு நிறமாகப் பரவிப்போய் லயத்து வாசல்களில் ஏறுவது தெரிந்தது. கதவுக்குள் நுழைவது தெரிந்தது. அங்கே கட்டிலில் ஒரு மனிதர் அசைய முடியாமல் கிடக்கிறார்.

"நான் காப்பாத்தினனா, கொன்னுட்டனா?" என்று அக்கா கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பூசாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

மறுகோடியில் வழிவது நின்றுவிட்டது. கரை நின்றது. மழையும் சன்னமாகிவிட்டது. ஆனால் ஓடை வடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் எல்லாவற்றிலும் கொடுமை. அக்காவிடம் தோள் வலிக்கிறதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். பொழுது சாயும் நேரத்தில் பாலத்தின் மரம் மெல்ல வெளியே தெரிந்தது. கனகராஜ் கயிற்றோடு முன்னால் போனார். அக்கா அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன்.

லயத்துத் தாழ்வாரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே நின்றது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டு. கட்டிலின் கயிறு வரைக்கும் தண்ணீர். தலைமாட்டில் காதில் பஞ்சு வைத்துத் தலையில் துணி கட்டிய சந்திரமதி, கட்டில் மிதந்து கவிழாமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். பத்தியத்தில் இருந்த உடம்பு, வெடவெடவென்று ஆடியது. கட்டிலில் வேலு அண்ணன் படுத்திருந்தார். அவர் நெஞ்சின்மேல் சந்திரமதியின் பச்சைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டி நீ மேட்டுக்குப் போகல?" என்றார் அக்கா. கேட்க வேண்டியது அது இல்லை. வாயில் வந்தது அதுதான்.

"பாதி வழி போனேன்க்கா. கெழவங்க ரெண்டு பேரு கட்டில தூக்கப் பாத்தாங்க, வாசல்ல நொழையல. அண்ணன் எல்லாரையும் போங்க போங்கன்னு தொரத்திட்டாரு. எனக்கு மனசு கேக்கல, திரும்பிட்டேன்."

"இவளையும்தான் போன்னு சொன்னேன்" என்றார் அண்ணன். "கேக்குறாளா? புள்ளைய என் நெஞ்சுல வெச்சிட்டா. அப்புறம் நான் எப்படி சாவறது?"

அக்கா கட்டிலின் ஓரத்தில் சாய்ந்தார். நான் குழந்தையை எடுத்துக்கொண்டேன்.

"கரை நிக்குதா புள்ள?"

"நிக்குது."

"மதகு அடைச்சிக்கிச்சா?"

அக்கா கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். நகத்துக்குள்ளெல்லாம் வேரும் மண்ணும் ரத்தமும். "ஆத்தாள வெட்டிட்டேங்க" என்றார். "உங்க காலுக்காக வளத்தத நானே வெட்டிட்டேன்."

அண்ணன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"தண்ணில உடத்தான வளத்தோம்?" என்றார் கடைசியில். "வெச்சிக்கவா வளத்தோம்?"

அப்போதுதான் அக்கா அழுதார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்த துரை, பெயர்ந்த தட்டியையும் படிக் கதவு திறந்திருந்ததையும் பார்த்தார். அணைக்காவல் வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா தோள் குணமானதும் பழையபடி பெரட்டில் நின்றார். வேலு அண்ணனின் கால் சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் கோணல். சாய்ந்து சாய்ந்து நடப்பார். அது அம்மனின் கோபமா, தண்ணீரில் கட்டு நனைந்ததாலா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. கோபப்பட்டவள் அன்றைக்கு அந்தக் கயிற்றை விட்டிருக்கலாமே என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். பூசாரி அர்ச்சுனன் ஒரு பரிகாரப் பொங்கல் வைக்கச் சொன்னார். கயிற்றைப் பிடித்த எல்லோரும் ஆளுக்கொரு பிடி அரிசி கொடுத்தோம். அவரும் ஒரு பிடி போட்டார்.

அடுத்த சித்திரையில் கீழ்தண்ணிக்கே போனோம். கூடைகளை இறக்கி வைத்ததும் யாரும் தண்ணீரில் விடவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். முழுசாக விடுவதா, பிரித்து விடுவதா? பூசாரியும் எங்கள் முகத்தைத்தான் பார்த்தார். கிருஷ்ணம்மா அக்கா தண்ணீரில் இறங்கி, தன் கூடையைக் கவிழ்த்து, வேர்க்கட்டியைக் கையில் எடுத்தார். இரண்டாகப் பிரிக்கப் பார்த்தார். பழைய தோள்வலி, முடியவில்லை. சந்திரமதி இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "இழுங்கக்கா" என்றாள். இரண்டு பேரும் இழுத்தார்கள்.